88 அசைவுகள்

நோயாளியின் முழங்கையை மடக்கச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்து எதிர்ப்பக்கமாக இழுத்துப் பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டில் ‘4/5’ என்று கிறுக்குவார் டாக்டர். நரம்பியல் வார்டில் அரை நாள் உட்கார்ந்தவர்கள்கூட இதைப் பார்த்திருப்பார்கள். 0 முதல் 5 வரை போகும் இந்த எண்வரிசைக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. போரில் நரம்பு அறுந்து வந்த சிப்பாய்களைப் பரிசோதிப்பதற்காகப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1943-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதிலிருந்து பரவியதுதான் இது. தசையில் சலனமே இல்லையென்றால் 0. லேசான துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. கையின் எடையை வேறொன்று தாங்கிக்கொள்ளும்போது மட்டும் அசைந்தால் 2. தன் எடையைத் தானே தூக்கினால் 3. டாக்டர் தடுத்தும் மடங்கினால் 4. இயல்பான வலு இருந்தால் 5.

பார்வைக்கு ஏணி போல ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் படிகள் சமமில்லை. முழங்கையை மடக்கும் வலிமையைக் கருவிகொண்டு அளந்து, இந்தப் படிகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. 0 முதல் 3 வரையான படிகள் அனைத்தும் மொத்த வலிமையில் 4 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. மிச்சமிருந்த 96 சதவீதமும் ‘4’ என்ற ஒற்றை எண்ணுக்குள் கிடந்தது. ஒருவருடைய கைவலு இரண்டு மடங்காகியிருக்கலாம், மூன்று மடங்காகியிருக்கலாம். கேஸ் ஷீட்டில் போன மாதமும் 4, இந்த மாதமும் 4.

இதற்காக அந்தக் கையேட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. போர்க்கால அறுவை மருத்துவருக்கு இருந்தது ஒரே கேள்வி: தைத்த நரம்பு வளர்ந்து தசையைப் போய்ச் சேர்ந்துவிட்டதா? அதற்கு 0-வுக்கும் 1-க்கும், 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அந்த இடத்தில் அளவுகோல் கூர்மையாகவே இருக்கிறது. மழுங்கியிருக்கும் பக்கத்தை வைத்து வேறு கேள்விக்குப் பதில் தேடினவர்கள் பின்னால் வந்த நாம்தான். மனித அசைவை அளக்கும் கோல்களின் கதை முழுக்க இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வரும். அதை நன்றாகப் புரிந்துகொண்டு ஒரு கோலைச் செய்தவர்கள் கனடாவில் இருந்தார்கள்.

ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டன் நகரம், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், 1980-கள். குழந்தை மருத்துவர் பீட்டர் ரோசன்பாம், டயான் ரஸல், அவர்களுடைய சகாக்கள். அவர்கள் முன்னால் இருந்தவர்கள் செரிபிரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள். வளரும் மூளையில், பிறப்பதற்கு முன்போ பிறக்கும் சமயத்திலோ அதன்பின் சீக்கிரத்திலோ ஏற்படும் பாதிப்பு இது. மூளைக் காயம் அப்படியே நிற்கும், பெரிதாகாது. ஆனால் குழந்தை வளர்கிறது, உடம்பு மாறுகிறது. வாரத்துக்குச் சில நாள் பிசியோதெரபி, வருடக்கணக்கில். அந்தத் துறையில் போட்டிப் பள்ளிகளும் உண்டு. லண்டனில் போபாத் தம்பதியர் வகுத்த முறை ஒன்று, வோய்ட்டா முறை இன்னொன்று. இவற்றால் குழந்தைக்குப் பலன் கிடைத்ததா, அல்லது எப்படியும் வளர்ந்திருக்கும் குழந்தை வளர்ந்ததா? கேள்வி எளிது. பதில் சொல்லக் கையில் அளவுகோல் இல்லை.

வளர்ச்சிப் பரிசோதனைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை எல்லாம் ‘இந்த வயதில் மற்ற குழந்தைகள் என்ன செய்கிறார்கள்’ என்ற அட்டவணையோடு ஒப்பிடுபவை. மூன்று வயதில் உட்கார முடியாத ஒரு பிள்ளை, மூன்றரை வயதில் கையூன்றாமல் சில விநாடிகள் உட்காரத் தொடங்குகிறது. வீட்டில் அது பெரிய சமாச்சாரம். பாட்டிக்குப் போன் போகும். அட்டவணையிலோ அந்தப் பிள்ளை போன முறையும் கடைசி வரிக்குக் கீழே, இந்த முறையும் கடைசி வரிக்குக் கீழே. மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. தன்னோடு ஒப்பிட்டால்தான் நடந்தது தெரியும்.

இதே மெக்மாஸ்டரில் 1985-ல் கிர்ஷ்னரும் கார்டன் கயாட்டும் எழுதிய ஒரு கட்டுரை இந்தக் குழப்பத்தை விலக்கியது. மருத்துவ அளவுகோல்களுக்கு மூன்று வேலைகள் உண்டு என்றார்கள். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவது ஒன்று. பின்னால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்னொன்று. ஒரே ஆளிடம் காலப்போக்கில் வரும் மாற்றத்தைப் பிடிப்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேண்டிய சரக்கு வேறு வேறு. ஆட்களைப் பிரிக்க வேண்டுமென்றால் நாளுக்கு நாள் மாறாத அம்சங்களைத் தேர்வில் வைக்க வேண்டும். மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் மாறக்கூடியவற்றைத்தான் வைக்க வேண்டும். ஒரு வேலைக்கு வைரமாக இருக்கும் கேள்வி மற்ற வேலைக்குக் கூழாங்கல். ‘இந்த அளவுகோல் சரிபார்க்கப்பட்டதா?’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளும் டாக்டர்களை நிறையப் பார்க்கலாம். எந்த வேலைக்குச் சரிபார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் அது பாதிக் கேள்விதான்.

ரஸல் குழு மூன்றாவது வேலையைத் தேர்ந்தெடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பெருந்தசை இயக்க அளவை. மருத்துவமனைப் பேச்சில் ஜி.எம்.எஃப்.எம். முதலில் 85 உருப்படிகள் இருந்தன, பின்னர் 88 ஆயின. படுத்தலும் புரளுதலும் 17, உட்காருதல் 20, தவழுதலும் முட்டி போடுதலும் 14, நிற்றல் 13, நடை, ஓட்டம், தாவல் 24. எந்தக் குறையும் இல்லாத ஐந்து வயதுப் பிள்ளை எண்பத்தெட்டையும் செய்துவிடும் என்பது கணக்கு.

ஒரு உருப்படியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். குழந்தை பாயில் உட்கார்ந்திருக்கிறது. செருப்பு, பட்டை எதுவும் காலில் இல்லை. அதன் வலப்பக்கம், 45 பாகை பின்னால், ஒரு பொம்மை வைக்கப்படுகிறது. குழந்தை திரும்பி அதைத் தொட்டுவிட்டுப் பழைய நிலைக்கு வர வேண்டும். முயற்சியே இல்லையென்றால் 0. கை நீள்கிறது, ஆனால் பின்பக்கம் போகவில்லை என்றால் 1. பின்பக்கம் போகிறது, தொடவோ திரும்பி வரவோ முடியவில்லை என்றால் 2. தொட்டுத் திரும்பினால் 3. மூன்று வாய்ப்புகள், அவற்றில் சிறந்தது எதுவோ அதுதான் மதிப்பெண். கெஞ்சலாம், கொஞ்சலாம், பொம்மையை மாற்றலாம். தெரபிஸ்ட் கை கொடுத்துத் தூக்கிவிடக் கூடாது. இதே போல் இடப்பக்கம் தனி உருப்படி. பட்டியலின் கடைசிப் பகுதிக்கு வந்தால் 60 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஒற்றைக் காலில் பத்து முறை நொண்டியடிப்பது, 2 சென்டிமீட்டர் அகலக் கோட்டின்மேல் பத்து அடி நடப்பது என்றெல்லாம் இருக்கிறது. முழுப் பட்டியலையும் முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். குழந்தைக்குப் பசி வந்துவிட்டால் அதுவும் நடக்காது.

எவ்வளவு செய்கிறது என்பது மட்டுமே இங்கே கணக்கு. எவ்வளவு அழகாகச் செய்கிறது என்பது கேள்வியில் இல்லை. அசைவின் நயத்தைச் சீராக்குவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட தெரபிஸ்டுகளுக்கு இது உறுத்தியிருக்கும். என் கருத்தில் சரியான முடிவு. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால், எண் கூடும்போது எது கூடியது என்று யாருக்கும் தெரியாது.

பட்டியல் தயார். இது உண்மையிலேயே மாற்றத்தைத்தான் பிடிக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? புதுத் தராசை நிறுக்கப் பழைய படிக்கற்கள் உண்டு. குழந்தையின் அசைவுக்கு அப்படி எதுவும் கிடையாது. இருந்திருந்தால் இந்த வேலையே தேவைப்பட்டிருக்காது. ஆகவே சாட்சிகளைத் திரட்டுவதுதான் வழி. 1989-ல் வெளியான ஆய்வில் மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் 111 பேர், தலையில் அடிபட்டவர்கள் 25 பேர், எந்தக் குறையும் இல்லாத சிறு குழந்தைகள் 34 பேர். ஏன் இந்தக் கலவை? வேகமாக மாறுகிறவர்களும் மெதுவாக மாறுகிறவர்களும் கூட்டத்தில் இருந்தால்தான் கோல் இருவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்று தெரியும். எல்லாரையும் ஒருமுறை அளந்து, நாலு முதல் ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். இதற்கிடையில் பெற்றோரிடம் கேட்டார்கள்: பிள்ளை மாறியிருக்கிறதா? தெரபிஸ்டிடமும் கேட்டார்கள். விவரம் எதுவும் சொல்லப்படாத மதிப்பீட்டாளர்களை வீடியோ பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். இந்த மூன்று தரப்பின் தீர்ப்புகளும் மதிப்பெண் மாற்றத்தோடு ஒத்துப்போயின. முன்னேறியபோது எண் ஏறியது, பின்னடைந்தபோது இறங்கியது. இறங்குவதும் முக்கியம். ஏற மட்டுமே தெரிந்த கோலை மருந்துக் கம்பெனிதான் விரும்பும்.

பெற்றோரின் வாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். தினமும் தூக்கிக் குளிப்பாட்டும் அம்மாவுக்குத் தெரியாத அசைவு மாற்றம், இருந்தும் என்ன பயன்?

அடுத்தது நம்பகத்தன்மை. ஒரே குழந்தையை இருவர் அளந்தால் ஒரே எண் வருமா? இங்கே பல ஆய்வேடுகள் வழுக்கி விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் தெரபிஸ்ட் மூன்று குழந்தைகளுக்கு 40, 55, 70 போடுகிறார். இரண்டாமவர் கறாரானவர்: அதே குழந்தைகளுக்கு 30, 45, 60. இவர்களுக்கிடையே ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால் 1 வரும். அதற்குமேல் சிறந்த எண் கிடையாது. ஆனால் ஒரு குழந்தையிலும் அவர்கள் உடன்படவில்லை. ஜனவரியில் முதலாமவர் பார்த்து, ஜூலையில் இரண்டாமவர் பார்த்தால், குழந்தை நிஜமாகவே 10 புள்ளி முன்னேறியிருந்தாலும் தாளில் மாற்றம் பூஜ்யம். ஒட்டுறவு வேறு, உடன்பாடு வேறு என்று 1986-ல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை மருத்துவ உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்றானது. அதன் பிறகும் வெறும் ஒட்டுறவை மட்டும் கணக்கிட்டுவிட்டு ‘நம்பகத்தன்மை நிறுவப்பட்டது’ என்று எழுதுகிறவர்கள் குறையவில்லை. ஜி.எம்.எஃப்.எம். கையேட்டோடு பயிற்சி வீடியோவும் தேர்வும் சேர்ந்தது இதனால்தான்: அளக்க வருகிறவரை முதலில் அளந்துவிட வேண்டும்.

கோல் களத்துக்குப் போனது. 1990-களில் முதுகுத்தண்டு நரம்பு அறுவை சிகிச்சை ஒன்று பேசப்பட்டது: கால்களை விறைக்கச் செய்யும் உணர்நரம்பு வேர்களில் சில இழைகளைத் தேர்ந்தெடுத்து வெட்டுவது. வான்கூவர், டொரான்டோ, சியாட்டில் ஆகிய மூன்று நகரங்களில் தனித்தனியே சோதனைகள் நடந்தன. அறுவையும் பிசியோதெரபியும் ஒரு பக்கம், பிசியோதெரபி மட்டும் மறுபக்கம். தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் மூன்று இடத்திலும் ஜி.எம்.எஃப்.எம். கனடாவின் இரண்டு ஊர்களிலும் அறுவைப் பக்கம் முந்தியது. சியாட்டிலில் விறைப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் அசைவு மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. அளவுகோல் பொதுவாக இருந்ததால் 2002-ல் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்க முடிந்தது. அறுவையால் கிடைத்த கூடுதல் பலன்: 100-க்குச் சுமார் 4 புள்ளி. சியாட்டிலில் வெட்டப்பட்ட இழைகளின் விகிதம் மற்ற இரு இடங்களைவிடக் குறைவு என்பதும் தெரியவந்தது.

நாலு புள்ளி பெரிதா, சிறிதா? தற்செயலாக வந்ததல்ல என்று புள்ளியியல் சொல்லும். ஒரு குழந்தையின் முதுகைத் திறப்பதற்கு அது போதுமா என்று சொல்லாது. அதைவிட அடிப்படையான சங்கடம் ஒன்று ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருந்தது. நாலு புள்ளி எல்லாருக்கும் அதே நாலு புள்ளிதானா? புரளத் தெரிவதால் வரும் ஒரு புள்ளியும் மாடிப்படியை ஒரு காலுக்கு ஒரு படியாக ஏறுவதால் வரும் ஒரு புள்ளியும் கூட்டலில் ஒன்றுதான். 1943-ன் சமமில்லாத படிகள் இங்கேயும் இருந்தன. எண்ணிக்கை அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

தீர்வு டென்மார்க்கிலிருந்து வந்தது, அதுவும் பள்ளிக்கூடத்திலிருந்து. கணித அறிஞர் கேயோர்க் ராஷ் குழந்தைகளின் வாசிப்புத் தேர்வுகளை ஆராய்ந்தவர். 1960-ல் வந்த நூலில் அவர் முன்வைத்த யோசனை இது: ஒரு பிள்ளை ஒரு கேள்விக்குச் சரியாக விடை சொல்லும் வாய்ப்பு, பிள்ளையின் திறனுக்கும் கேள்வியின் கடினத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டுமே பொறுத்தது. இதை ஏற்றுக்கொண்டால் ஆட்களையும் கேள்விகளையும் ஒரே கோட்டில் நிறுத்தலாம். கோட்டின் அலகுகளும் சமமாகிவிடும். இந்தக் கணக்குக்குப் படியாத கேள்வி எது என்பதும் வெளிச்சத்துக்கு வரும். திறன் கூடியவன் தவறி, திறன் குறைந்தவன் சாதிக்கிற விசித்திரம் ஒரு கேள்வியில் அடிக்கடி நடந்தால், அந்தக் கேள்வி வேறு எதையோ அளக்கிறது என்று பொருள்.

மெக்மாஸ்டர் குழுவினர் 537 குழந்தைகளின் ஜி.எம்.எஃப்.எம். மதிப்பெண்களை ராஷ் முறையில் போட்டுப் பார்த்து, 2000-ல் அறிக்கை தந்தார்கள். 22 உருப்படிகள் வெளியே போயின, 66 தங்கின. போனவை எவை என்பதில்தான் சுவாரசியம். நிற்றலிலும் நடையிலும் ஒன்றுகூடப் போகவில்லை. தவழுதலில் 4, உட்காருதலில் 5, படுத்தலில் மட்டும் 17-ல் 13. கணக்குச் சுத்தமாகிவிட்டது, ஆனால் விலை கொடுத்தது யார்? படுத்த நிலையிலேயே வாழ்கிற, பாதிப்பு மிக அதிகமான குழந்தைகள். அவர்களுடைய சிறிய முன்னேற்றங்கள் தெரிந்த பகுதியில்தான் கோடுகள் குறைந்தன. அதனால் பழைய 88 ஓய்வுபெறவில்லை. மிகக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கும், பட்டையோ தாங்கு காலணியோ அணிந்து அளக்கும்போதும் இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். திருத்திய பதிப்பு எப்போதும் எல்லாருக்கும் மேலான பதிப்பு என்ற நம்பிக்கை அளவுகோல் உலகில் செல்லாது.

இன்னொரு பக்கம், 66-ஐக் கடினத்தின் வரிசையில் அடுக்கிய வரைபடம் ஒன்று கிடைத்தது. குழந்தை கோட்டில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், அடுத்து எட்டும் தூரத்தில் இருப்பவை எவை என்பதும் தெரியும். நாளைய பயிற்சிக்கு எதை எடுப்பது என்ற கேள்விக்குத் தெரபிஸ்டுக்கு அது நேரடியான உதவி. கூட்டல் மதிப்பெண்ணால் ஒருநாளும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

பெற்றோர் கேட்பதோ வேறு: என் பிள்ளை நடப்பானா? இது கிர்ஷ்னரும் கயாட்டும் சொன்ன இரண்டாவது வேலை. அதற்கு வேறொரு கருவி வேண்டும். 1997-ல் ராபர்ட் பலிசானோவும் மெக்மாஸ்டர் குழுவினரும் குழந்தைகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். முதல் நிலைக் குழந்தை எங்கும் நடக்கும், ஓடும், சமநிலையில் மட்டும் கொஞ்சம் பிசகும். மூன்றாம் நிலைக்குக் கையில் பிடிக்க வாக்கரோ ஊன்றுகோலோ வேண்டும். ஐந்தாம் நிலையில் தலையை நிறுத்துவதே பாடு. ‘லேசு, நடுத்தரம், கடுமை’ என்று டாக்டருக்கு டாக்டர் அர்த்தம் மாறிக்கொண்டிருந்த சொற்கள் அத்தோடு ஓரங்கட்டப்பட்டன. இருவர் தனித்தனியே நிலை குறித்தபோது, தற்செயலைக் கழித்த உடன்பாடு இரண்டு வயதுக்கு மேல் 0.75, இரண்டு வயதுக்குக் கீழே 0.55. கைக்குழந்தையைப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிடும் நிபுணரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க இந்த ஒரு எண் போதும்.

ஐந்து நிலைகளையும் 66 உருப்படிக் கோலையும் சேர்த்து, ஒன்டாரியோவில் 657 குழந்தைகளை மறுபடி மறுபடி அளந்தார்கள். மொத்தம் 2632 அளவீடுகள். 2002-ல் ஐந்து வளைகோடுகள் வெளியாயின. முதல் நிலைக் குழந்தைகள் சராசரியாக 87.7 புள்ளி வரை போகிறார்கள். ஐந்தாம் நிலையினர் 22.3 வரை. தன் எல்லையின் 90 சதவீதத்தை முதல் நிலைக் குழந்தை ஐந்து வயதை ஒட்டி எட்டுகிறது. ஐந்தாம் நிலைக் குழந்தை மூன்று வயதாகும் முன்பே எட்டிவிடுகிறது. கேட்கக் கசப்பான செய்தி. ஆனாலும் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று பத்து வருடம் இழுத்தடிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இதில் நிம்மதியும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கோடு சராசரியின் கோடு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இவர்கள் ஒன்டாரியோவில் கிடைத்த சிகிச்சைகளைப் பெற்றுக்கொண்டிருந்த குழந்தைகள். தன் நிலையில் உள்ள மற்றவர்களிடையே ஒரு குழந்தையின் இடம் ஒரே வருடத்தில் 20 நூற்றுமானம் மேலோ கீழோ போவது சாதாரணம் என்பதும் பின்னர் வந்த கணக்கில் தெரிந்தது. போன வருட ஏற்றத்துக்குப் புதுத் தெரபியைப் புகழ்வதற்கும், இந்த வருட இறக்கத்துக்கு அதே தெரபிஸ்டைத் திட்டுவதற்கும் முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

21 வயதுவரை தொடர்ந்து பார்த்த அறிக்கை 2009-ல் வந்தது. முதல் இரண்டு நிலைகளில் இறக்கம் இல்லை. மூன்றாம் நிலையில் உச்சத்திலிருந்து சராசரியாக 4.7 புள்ளி, நான்கில் 7.8, ஐந்தில் 6.4 இறங்கியிருந்தது. மூளையின் காயம் மாறவில்லை; உடம்புதான் நீண்டு கனத்துவிட்டது, மூட்டுகள் இறுகிவிட்டன.

இத்தனையும் அளப்பது ஒரு குழந்தையால் என்ன முடியும் என்பதை. அது என்ன செய்கிறது என்பதை அல்ல. தெரபி அறையில் கைப்பிடியைப் பிடித்து நாலு படி ஏறி முழு மதிப்பெண் வாங்கும் பையன், பள்ளிக்கூடத்தில் சக்கர நாற்காலியில்தான் போகிறான். நடந்தால் நண்பர்களோடு சேர்ந்து கேன்டீனுக்குப் போய்ச் சேர முடியாது. மெல்பர்னின் ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் கெர் கிரகாம் குழு 2004-ல் வெளியிட்ட அளவுகோல் இதை மட்டும் கேட்கிறது. பாய் வேண்டாம், பொம்மை வேண்டாம். பெற்றோரிடமோ பிள்ளையிடமோ மூன்று தூரங்களைச் சொல்லி, எப்படிப் போவாய் என்று விசாரித்தால் போதும். வீட்டுக்குள் 5 மீட்டர், பள்ளியில் 50, வெளியே 500. சக்கர நாற்காலி என்றால் 1, வாக்கர் 2, கக்கத்து ஊன்றுகோல் 3, கைத்தடி 4, துணையின்றிச் சமதரையில் 5, எந்தத் தரையிலும் 6. வீட்டில் தவழ்ந்து போகிறவர்களுக்கு எண் கிடையாது, ஓர் எழுத்து உண்டு. ஆகவே ஒரே பையன் வீட்டில் 5, பள்ளியில் 3, கடைத்தெருவில் 1 ஆக இருக்கலாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பார்கள். கூட்டுவது கிடையாது.